நந்தனம் ஓர் எண்ணா? சி நிரலில் நேன் மதிப்பைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் பகுதிவாரி வெப்பநிலை அடங்கிய, கமாவால் பிரித்த சிஎஸ்வி கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வரியில் கமா கூடுதலாக விழுந்து, வெப்பநிலை இருக்க வேண்டிய பத்தியில் ஊர்ப்பெயர் வந்துவிடுகிறது. அடையாறு என்று வந்தால், எழுத்தை எண்ணாக மாற்றும் சி ஃபங்ஷனான ஏடூஎஃப் 0 தரும். நந்தனம் அல்லது நங்கநல்லூர் என்று வந்தால் நேன் (எண் அல்ல என்பதைக் குறிக்கும் சிறப்பு மதிப்பு) தரும். ஆங்கில எழுத்தில் இந்த இரண்டு பெயரும் என்-ஏ-என் என்றே தொடங்குகின்றன. சி மொழியின் சி99 தரத்திலிருந்து, அதே வேலையைச் செய்யும் ஸ்ட்ர்டுடி அந்த மூன்று எழுத்தைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று பார்க்காமல் முறையான உள்ளீடாக ஏற்கிறது. படிக்காமல் விட்ட மிச்சம் எங்கே தொடங்குகிறது என்பதை அதன் எண்ட்பாயிண்டர் காட்டும். ஏடூஎஃப்பில் அந்த வசதியே கிடையாது. வெளியிலிருந்து வரும் தரவுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

ஸ்ட்ர்டுடிக்கு மாறியவர்களும் பிழைக்குறியீடு பதிவாகும் எர்நோவை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். லைப்ரரியைப் பொறுத்தவரை நேன் பிழையே அல்ல, சரியாகப் படிக்கப்பட்ட மதிப்பு. எர்நோவில் ஈரேஞ்ச் என்ற குறியீடு வருவது எண் கொள்ளளவை மீறும்போதுதான் (மிகச் சிறிய எண்ணுக்கு வருமா என்பது லைப்ரரியைப் பொறுத்தது). எழுத்துச் சரத்திலிருந்து மதிப்புகளைப் படிக்கும் எஸ்ஸ்கேன்எஃப்பும் நேனைப் படித்துவிட்டு, ஒரு மதிப்பு கிடைத்தது என்று 1 திருப்பித் தரும்.

சோதிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும். அழைக்கும் முன் எர்நோவை 0 ஆக்குங்கள். திரும்பியதும் எண்ட்பாயிண்டர் தொடக்கத்திலேயே நின்றால் எண் எதுவும் இல்லை. அதற்குப் பின் வெற்றிடம் தவிர வேறு எழுத்து இருந்தால் நிராகரியுங்கள். நந்தனம் இங்கேயே மாட்டிக்கொள்ளும். பிறகு ஈரேஞ்ச், கடைசியாக, மதிப்பு நேனோ முடிவிலியோ அல்ல என்று உறுதிசெய்யும் இஸ்ஃபைனைட். நேனா என்று பார்க்கும் இஸ்நேன் மட்டும் போதாது, ஏனென்றால் இன்ஃபினிட்டி (முடிவிலி) என்ற சொல்லையும் ஸ்ட்ர்டுடி ஏற்கும்.

அதிகம் பேர் வழுக்குவது எல்லைச் சோதனையில். «வெப்பம் < 10 || வெப்பம் > 50 என்றால் தள்ளு» என்று எழுதினால் நேன் தாராளமாக உள்ளே நுழையும், ஏனென்றால் நேனோடு செய்யும் <, >, == ஒப்பீடுகள் எல்லாமே பொய். நிபந்தனையைத் திருப்பி எழுதுங்கள்: «!(வெப்பம் >= 10 && வெப்பம் <= 50) என்றால் தள்ளு». கணக்கு அதேதான், ஆனால் இதில் நேன் தப்பாது. உள்ளே நுழைந்த ஒரே ஒரு நேன் மாதச் சராசரி முழுவதையும் நேனாக்கிவிடும். வரிசைப்படுத்தும் க்யூசார்ட்டில் வழக்கமான ஒப்பீட்டு ஃபங்ஷன் முரண்பட்ட விடை தந்து வரிசையே குலையும். நேனை முழு எண் வகையான இன்ட்டாக மாற்றினால் சி தரப்படி விளைவுக்கு உத்தரவாதமே இல்லை: எக்ஸ்86 கணினியில் பெரும்பாலும் -2147483648, 64 பிட் ஆர்ம் கணினியில் 0. ஒன்றில் சோதித்து மற்றொன்றில் ஓட்டுபவர்கள் பிழையைத் தேடிக் களைத்துப்போவார்கள்.

கணக்கை வேகப்படுத்தும் ஃபாஸ்ட்-மேத் கொடியோடு (கம்பைலருக்குத் தரும் விருப்பம்) கம்பைல் செய்தால் இத்தனை கவனமும் வீண். நேன் வரவே வராது என்று கம்பைலருக்கு நீங்களே வாக்குக் கொடுக்கிறீர்கள். இஸ்நேன் அழைப்பை அது பொய் என்று சுருக்கிவிடலாம். ஜிசிசி கம்பைலரின் ஓஃபாஸ்ட் கொடியும் இதை உள்ளடக்கியது. படிக்கும் பகுதியைத் தனிக் கோப்பில் வைத்து அந்தக் கொடி இல்லாமல் கம்பைல் செய்யுங்கள். முடியாவிட்டால், பிட்டுகளை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பி மூலம் 64 பிட் முழு எண்ணில் நகலெடுத்துப் பாருங்கள்: அடுக்குக்குரிய 11 பிட்டும் 1, பின்னத்துக்குரிய 52 பிட்டில் ஒன்றாவது 1 என்றால் அது நேன்.

பழைய விண்டோஸ் கோப்புகளில் வேறொரு வம்பு. விஷுவல் ஸ்டுடியோ 2015-க்கு முந்தைய மைக்ரோசாஃப்ட் லைப்ரரி நேனை «1.#க்யூஎன்ஏஎன்» என்று அச்சிட்டது. ஸ்ட்ர்டுடி அதில் # குறியோடு நின்றுவிட்டு 1.0 தரும். இஸ்நேன் இதைப் பிடிக்காது. எண்ட்பாயிண்டர் சோதனை மட்டுமே பிடிக்கும்.

விடுபட்ட அளவீட்டைக் குறிக்க நேனையே வேண்டுமென்று எழுதியிருந்தால், கட்டத்தின் முழு எழுத்தையும் நீங்களே முதலில் ஒப்பிட்டு, தனி மாறியில் குறித்துவையுங்கள். அடைப்புக்குறிக்குள் எண் சேர்த்த நேனை நம்பித் தகவல் கடத்தாதீர்கள்: ஜிலிப்சி என்ற சி லைப்ரரி அந்த எண்ணை பிட்டுகளில் வைக்கும், மஸ்ல் என்ற லைப்ரரி படித்துவிட்டு எறிந்துவிடும்.

ஜேசான் என்ற தரவு வடிவத்துக்குப் படிப்பான் எழுதுபவர்களுக்கு ஒன்று. ஜேசானில் நேனுக்கு இடமில்லை. முதல் எழுத்து இலக்கமா, கழித்தல் குறியா என்று பார்த்துவிட்டு ஸ்ட்ர்டுடியிடம் கொடுத்தால், கழித்தல் குறியோடு வரும் நேன் நுழைந்துவிடும். குறிக்கு அடுத்த எழுத்தும் இலக்கம்தானா என்று பாருங்கள்.