மேல் ஸ்தாயிக்கு மவுத்பீஸ் தேடுகிறவர்களுக்கு

ட்ரம்பெட்டில் உதடு வைத்து ஊதும் முனையான மவுத்பீஸைக் கடையில் நின்றபடியே முடிவு செய்யாதீர்கள். எந்தப் புது மவுத்பீஸும் முதல் ஐந்து நிமிடம் பெரும்பாலும் நன்றாகவே ஒலிக்கும். உதடு களைத்திருக்காது, ஆசையும் துணைக்கு நிற்கும். அதை நம்பி நான் வாங்கிய மூன்று மவுத்பீஸ்கள் இழுப்பறையில் கிடக்கின்றன. ஊர்வலத்தில் இரண்டு மணி நேரம் வாசித்த பிறகு அவற்றில் ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை.

மேல் சுரத்தை மவுத்பீஸ் தராது. மூச்சும் உதட்டுப் பயிற்சியும்தான் தரும். மவுத்பீஸின் உட்குழிவைக் கிண்ணம் என்போம். ஆழம் குறைந்த கிண்ணம் ஒலியைக் கூர்மையாக்கும், உழைப்பைக் கொஞ்சம் மிச்சப்படுத்தும். திறந்த தெருவில் டிரம்ஸ் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டிய முதல் ட்ரம்பெட்டுக்கு அது பெரிய உதவி. ட்ரம்பெட் கலைஞர் மேனார்ட் ஃபெர்குசன் எந்த மவுத்பீஸ் வைத்திருந்தார் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 1950களில் ஸ்டான் கென்டனின் ஜாஸ் குழுவில் வானைத் தொட்ட அந்தக் கனடாக்காரர் பிறகு மதனப்பள்ளி அருகே ரிஷி வேலி பள்ளியில் இசை கற்பித்தவர் என்பதால் நமக்கு அவர்மேல் தனிப் பாசம். ஆனாலும் அவருடைய மவுத்பீஸோடு அவருடைய மூச்சு வராது.

உதடு பழகியிருப்பது விளிம்புக்குத்தான். நம்மில் பலர் தொடங்கிய, பாக் நிறுவனத்தின் 7சி மவுத்பீஸின் உள்விட்டம் 16.20 மில்லிமீட்டர், 3சி-யினுடையது 16.30. இந்தச் சிறு வேறுபாட்டைக்கூட உதடு கண்டுகொள்ளும். எனவே விட்டத்தையும் விளிம்பின் வடிவத்தையும் இயன்றவரை அப்படியே வைத்துக்கொண்டு ஆழத்தை மட்டும் ஒரு படி குறையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

எழுத்துகளைக் கவனியுங்கள். பாக் வரிசையில் ‘ஏ’ மிக ஆழமான கிண்ணம், ‘இ’ ஆழம் குறைந்தது. ஷில்கி என்ற இன்னொரு நிறுவனத்தில் நேர்மாறாக ‘ஏ’தான் ஆழம் குறைந்தது. எண்களும் அப்படியே: பாக்கில் எண் கூடினால் விட்டம் குறையும், ஷில்கியில் கூடும். லீட் (முதல் ட்ரம்பெட்) வாசிப்பவர்கள் அதிகம் பேசும் ஷில்கி 14ஏ4ஏ-யில் முதல் ‘ஏ’ கிண்ணத்தையும், கடைசி ‘ஏ’ ஒடுக்கமான பின்துளையையும் (கிண்ணத்துக்குப் பின்னால் காற்று போகும் வழி) குறிக்கின்றன.

எவ்வளவு ஆழம் குறைக்கலாம்? இதை உங்கள் உதடுதான் சொல்ல வேண்டும். சதைப்பற்றுள்ள உதடு கிண்ணத்துக்குள் அதிகம் நுழையும். அது அடியைத் தொட்டுவிட்டால் அதிர இடமில்லாமல் ஒலி சட்டென்று அறுந்துபோகும். காற்று மட்டும் ‘உஸ்’ என்று வெளியேறும். களைப்பில் உதடு வீங்கும்போது இன்னும் உள்ளே போகும். காலையில் இனித்த மவுத்பீஸ் மாலையில் ஏமாற்றுவது இதனால்தான். ஆகவே வழக்கமான பயிற்சியை முழுதும் முடித்து, உதடு களைத்த பிறகு சோதியுங்கள். ஐந்து கோட்டுக்கு மேலே உட்காரும் ‘ஜி’யை மெல்லத் தொடங்கி, எட்டு எண்ணிக்கையில் முழு பலத்துக்குக் கொண்டுபோய், மீண்டும் எட்டில் அடக்குங்கள். நடுவில் அறுந்தால் அது உங்களுக்கு ஆழம் போதாத கிண்ணம். அதே சுரத்தை ஒரு வாரம் தினமும் இப்படிப் பாருங்கள்.

சுருதியையும் ட்யூனரில் பாருங்கள். ஆழம் குறைந்தால் சுருதி மேலே ஏறும். சுருதி சரிசெய்யும் நகரும் குழாயை (ட்யூனிங் ஸ்லைடை) வெளியே இழுக்க வேண்டிவரும். மேலே ஒரு சுரம் மட்டும் வழுக்கினால், ட்ரம்பெட்டுக்குள் செருகும் மவுத்பீஸ் தண்டின் மேல் ஒரு சுற்று மெல்லிய காகிதம் சுற்றிச் செருகிப் பாருங்கள். மவுத்பீஸ் சற்று வெளியே நிற்கும். அதில் சுரம் நிலைத்தால் குறை கிண்ணத்தில் இல்லை, பொருத்தத்தில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒத்திகைக்கு எடுத்துப் போங்கள். மேல் வரிகளோடு நின்றுவிடாமல், கீழே இறங்கும் ஒரு மெதுவான பாடலையும் முழுதாக வாசியுங்கள். இரண்டாம் ட்ரம்பெட் வாசிப்பவரைப் பத்தடி தள்ளி நின்று கேட்கச் சொல்லுங்கள். கீழ்ச் சுரங்கள் தகரம்போல் ஒலிக்கின்றன என்று அவர் சொன்னால், இன்னும் கொஞ்சம் ஆழமானதைத் தேடுங்கள்.