ஜமைக்கா கின்கெய்டைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

ஜமைக்கா கின்கெய்ட் 1949-ல் ஆன்டிகுவா தீவில் பிறந்தவர். பதின்வயதில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே எழுத்தாளரானவர். அவருடைய கதையைத் தனியாகவும் கட்டுரையைத் தனியாகவும் படித்தால் பாதிதான் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். பென்சிலும் நோட்டும் போதும்.

படி 1: 'கேர்ள்' கதை (1978). சில பக்கம்தான், முழுக்க ஒரே வாக்கியம். ஒரு தாய் மகளுக்குக் கட்டளைகளாக அடுக்குகிறாள்: வெள்ளைத் துணியைத் திங்கட்கிழமை துவைத்துக் கற்குவியல் மேல் போடு, வண்ணத் துணியைச் செவ்வாய்க்கிழமை துவைத்துக் கொடியில் போடு... வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும், மகளின் நிலைமை உடம்புக்கே புரியும். அவள் வாய் திறக்கும் இடங்களைக் கோடிடுங்கள், இரண்டே இரண்டுதான். அப்புறம் கதையில் வரும் பொருள்களை நோட்டில் எழுதுங்கள்: பொத்தான், வெண்டைச் செடி, கற்குவியல். கருத்து எதுவும் இப்போது வேண்டாம்.

படி 2: 'மை பிரதர்' (1997). எய்ட்ஸில் இறந்த தம்பியைப் பற்றிய நினைவுக்குறிப்பு. தம்பி சின்னக் குழந்தையாக இருந்தபோது ஒருநாள் அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அக்காவுக்கு. அவள் புத்தகத்தில் மூழ்கி, அவனுடைய அழுக்குத் துணியை மாற்றாமல் விட்டுவிடுகிறாள். அதைப் பார்த்த தாய் அவளுடைய புத்தகங்களையெல்லாம் திரட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிறார். எங்கே வைத்து? வெள்ளைத் துணி வெளுக்கப் போடும் கற்குவியல் மேல்.

சரி, இப்போது 'கேர்ள்' கதையின் முதல் வரிக்குத் திரும்புங்கள். ஒரு சொல்கூட மாறவில்லை, ஆனால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். எனக்கு இன்னும் அடிக்கிறது.

அதற்காகக் கதையில் வரும் தாய்தான் நிஜத் தாய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கதையில் பேசுவது தாய், நினைவுக்குறிப்பில் பேசுவது வளர்ந்த மகள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் யார் பேசுவது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: இதே முறையில் 'லூசி' நாவலும் (1990) 'எ ஸ்மால் பிளேஸ்' கட்டுரையும் (1988). டாஃபடில் பூவைக் கண்ணால் பார்க்காமலே, அதைப் பற்றிய ஆங்கிலக் கவிதையைப் பள்ளியில் ஒப்பித்தவள் லூசி. அமெரிக்காவில் அந்தப் பூக்களை முதன்முதலாகப் பார்த்ததும் அவளுக்கு வெட்டிச் சாய்க்கத் தோன்றுகிறது. அந்தக் கோபம் விளங்காவிட்டால் கட்டுரையை எடுங்கள். ஆன்டிகுவா 1981 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தீவு. இழைக்கப்பட்ட குற்றத்தைப் பேசவும் தன்னிடம் இருப்பது குற்றவாளியின் மொழி மட்டுமே என்கிறார் கின்கெய்ட். அந்த இடத்தைக் கோடிட்டுவிட்டு, மறுபடி லூசியின் பூக்களிடம் போங்கள்.