கம்பளி ஸ்கார்ஃப்: பாதி வேலை தறியில், மீதி வாளியில்

தறியிலிருந்து அறுத்தெடுத்ததும் உங்கள் ஸ்கார்ஃப் கொசுவலை மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். அதைத் துணியாக்குவது வாளிதான்.

கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கசக்கும்போது இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, செதில்கள் மாட்டிக்கொண்டு, திரும்பப் பிரிய மாட்டேன் என்று இறுகிவிடும். ஃபுல்லிங் என்பது இவ்வளவுதான். அதனால் லேபிளில் 'சூப்பர்வாஷ்' என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். சுருங்கக் கூடாதென்றே அந்தச் செதில்களை மழுக்கியோ பூச்சு பூசியோ விட்டிருப்பார்கள், எவ்வளவு கசக்கினாலும் கைவலிதான் மிச்சம். அக்ரிலிக்கும் ஆகாது.

நான் வைத்திருப்பது மேசைமேல் வைக்கிற ரிஜிட் ஹெடில் தறி, அச்சும் (ஊடையைத் தள்ளிச் சேர்க்கும் சீப்பு) விழுதும் (பாவு இழைகளை ஏற்றி இறக்குவது) ஒரே சட்டமாக இருக்கும். என் மெரினோ நூலுக்கு வழக்கமாக அங்குலத்துக்கு 10 இழை; ஃபுல்லிங் செய்யப்போவதால் 8 போதும். 20 சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொண்டால், 8 அங்குல அகலம் கிடைக்க 10 அங்குலம் நெய்ய வேண்டும், அதாவது பாவுக்கு (தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்) 80 இழை. நீளம் 60 வேண்டுமென்றால் 75 அங்குலம் நெய்யணும், தறியில் வீணாவதற்கும் குஞ்சத்துக்கும் சேர்த்துப் பாவு 100 அங்குலம்.

ஆனால் அந்த 20 என் நூலின் கணக்கு, உங்களுடையது வேறாக இருக்கும். முதலில் ஒரு துண்டு நெய்து, அதில் 5 அங்குலச் சதுரத்தைப் பருத்தி நூலால் தையல் போட்டுக் குறித்துக் கசக்கிப் பாருங்கள். சதுரம் 4 அங்குலமானால் 20 சதவீதம். இதைச் சோம்பல்பட்டு விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

நெய்யும்போது ஊடையை, அதாவது குறுக்கே போகும் நூலை, நேராக இழுக்காமல் கொஞ்சம் சாய்வாக விடுங்கள், ஓரம் உள்வாங்காது. அச்சை ஓங்கி அடிக்கவே கூடாது. ஊடையை அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தால் போதும். இழைகளுக்கு நடுவே சின்னச் சின்ன சன்னல்கள் தெரியணும்.

சரி, வாளிக்கு வருவோம். குஞ்சங்களை முன்பே முறுக்கி முடிச்சுப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் சடை பிடிக்கும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு. (பழைய ரோமில் சிறுநீர் கலந்த தொட்டியில் காலால் மிதித்தார்கள், நாம் கொடுத்துவைத்தவர்கள்.) சப்பாத்தி மாவு பிசைவது போல அமுக்கி அமுக்கிப் பிசையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விரித்து, மடிப்பை மாற்றிப் போடுங்கள், ஒரே மடிப்பில் விட்டால் துணி தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும்.

முதலில் ஒன்றுமே நடக்காது. திடீரென்று கைக்குள் துணி கனத்த மாதிரி, வழுக்கல் குறைந்த மாதிரி தெரியும். விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். சன்னல்கள் முக்கால்வாசி மூடியிருந்தால் நிறுத்துங்கள். என் முதல் ஸ்கார்ஃபின்போது இந்தக் கட்டத்தில் போன் வந்தது, ஒரு கையால் பேசிக்கொண்டே பிசைந்துகொண்டிருந்தேன்; கடைசியில் அதை வெட்டி அடுப்படியில் பிடிதுணியாக்கினேன். நல்ல பிடிதுணி, இன்றைக்கும் இருக்கிறது.

அப்புறம் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி மிதித்து ஈரம் எடுத்து, தரையில் விரித்துக் காயவையுங்கள். கொடியில் போட்டால் நீளம் இழுத்துக்கொண்டு போய்விடும்.