பெரிய கேன்வாஸ் பிரிண்டுக்கு வார்னிஷ்: ரோலரா, ஸ்பிரேயா?

மூன்றடிக்கு மேல் உள்ள பிரிண்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு போடப் போகிறீர்கள் என்றால், எந்த பிராண்ட் வார்னிஷ் என்று தேடுவதற்கு முன்னால் எதைக் கொண்டு பூசப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ரோலருக்கென்று வரும் வார்னிஷ் கெட்டியாக இருக்கும், ஸ்பிரே கன்னில் ஊற்றினால் திட்டுத் திட்டாகத்தான் விழும். கன்னுக்கு ஏற்ற தண்ணியான வார்னிஷை ரோலரால் உருட்டினால் படம் முழுக்க நுரை நிற்கும். முதலில் முறை, அப்புறம் டப்பா.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. பிரிண்ட் எதன் மேல் இருக்கிறது? காகிதமா, கேன்வாஸா? பருத்திக் கூழில் செய்த நல்ல மேட் காகிதத்தில் அடித்த படம் என்றால், நீர் கலந்த வார்னிஷை ரோலராலோ பிரஷ்ஷாலோ பூசவே பூசாதீர்கள். காகிதம் நீரைக் குடித்து நெளிந்துவிடும், எந்த வெயிட்டை வைத்து அழுத்தினாலும் பழைய நிலைக்கு முழுதாக வராது. அந்தக் காகிதத்தின் அழகே அதன் சொரசொரப்பும் மங்கிய மேற்பரப்பும்தான். அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பதே சரி. கண்ணாடி வேண்டாம் என்றால், காகிதப் பிரிண்டுக்கென்றே வரும் ஸ்பிரே கேனை மெல்லிய கோட்களாக அடிக்கலாம், அவ்வளவுதான். கேன்வாஸ் கதை வேறு. அது பெரும்பாலும் கண்ணாடி இல்லாமல் சுவரில் தொங்கும், ஈரத் துணியால் துடைப்பார்கள், சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது மூலைகளில் மை வெடிக்கும். அதற்குப் பூச்சு கட்டாயம் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரவி வர்மா 1894-இல் அன்றைய பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த பழைய ஓலியோகிராஃப் படங்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஓலியோகிராஃப் என்பதே எண்ணெய் ஓவியம் போலத் தெரிவதற்காக வார்னிஷ் பூசிய கல்லச்சுப் படம்தான். அது மஞ்சளித்திருக்கிறதே, மேலே புதிதாக ஒரு கோட் போட்டால் பளிச்சென்று ஆகும் என்று தயவுசெய்து கை வைக்காதீர்கள். பழைய படங்களைப் பாதுகாக்கும் நிபுணரிடம் கொண்டுபோங்கள். இங்கே சொல்வதெல்லாம் இப்போது இங்க்ஜெட்டில் அடிக்கும் பிரிண்டுகளுக்கு மட்டும்.

அடுத்தது மை. பிரிண்ட் போடும் கடையில் "பிக்மென்ட் மையா, டை மையா?" என்று கேளுங்கள். பிக்மென்ட் என்பது நீரில் கரையாத நிறத் துகள், டை என்பது நீரில் கரையும் சாயம். படத்தோடு அதே கேன்வாஸில் ஒரு துண்டும் சேர்த்து அடித்துத் தரச் சொல்லுங்கள், நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் வெற்று ஓரம் விடச் சொல்லுங்கள். அந்தத் துண்டின் மேல் நனைத்த பஞ்சை மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். நிறம் பஞ்சில் ஒட்டி வந்தால் நீர் வார்னிஷ் அந்தப் படத்தைக் கலைத்துவிடும், நீருக்குப் பதில் தின்னர் போன்ற கரைப்பான் கலந்த ஸ்பிரேயைத்தான் யோசிக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் அதே துண்டில் வார்னிஷையும் சோதியுங்கள். அப்புறம் குறைந்தது 24 மணி நேரமாவது பிரிண்டைக் காற்றாட விடுங்கள். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் மையில் இருக்கும் கிளைக்கால் போன்ற சரக்குகள் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் மூடினால் பின்னால் மங்கலாகவும் பிசுபிசுப்பாகவும் தெரியும்.

சரி, முறைகளுக்கு வருவோம்.

ஸ்பிரே கேன் எளிது, கருவி எதுவும் வேண்டாம். ஆனால் 40 × 60 அங்குல கேன்வாஸ் ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர். அதைக் கேனால் மூன்று கோட் மூடுவதற்குள் செலவும் ஏறும், கேனில் அழுத்தம் குறையக் குறைய துளிகளும் பெரிதாகும், படத்தின் ஒரு பாதி ஒரு மாதிரியும் மறு பாதி வேறு மாதிரியும் மின்னும். பெரிய கேன்வாஸுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

வருடத்துக்கு நாலைந்து பெரிய கேன்வாஸ் மட்டும் செய்பவருக்கு என் பதில் ஃபோம் ரோலர்தான். மலிவு, காற்றில் புகை கிளப்பாது, பூச்சு தடிமனாகவும் உறுதியாகவும் அமையும். ஆறு அங்குல அகலமுள்ள, நெருக்கமான ஃபோம் ரோலர் வாங்குங்கள், தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டுத் தொடங்குங்கள். கேன்வாஸைச் சட்டத்தில் கட்டுவதற்கு முன்பே, பிளைவுட் மாதிரி சமமான பலகையில் ஓரங்களை டேப்பால் ஒட்டிப் படுக்க வைத்துப் பூசுவது நல்லது. ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றால், சட்டத்தின் உயரத்துக்குச் சமமாகப் பின்பக்கம் தெர்மகோலோ அட்டையோ அடுக்கி முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் ரோலர் அழுத்தத்தில் சட்டக் கட்டையின் கோடு படத்தில் விழும், அது போகாது.

வார்னிஷ் டப்பாவைக் குலுக்காதீர்கள். குச்சியால் மெதுவாகக் கலக்கி, நைலான் வலையில் வடிகட்டி, படத்தின் மேல் நேராக வளைந்து வளைந்து ஊற்றிவிட்டு உடனே பரப்புங்கள். முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காக, கடைசியில் ரோலரின் சொந்த எடை மட்டும் படும்படி ஒரே திசையில் ஓரத்திலிருந்து ஓரம் வரை. வெள்ளையாகப் பால் மாதிரி தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காயும்போது தெளிந்துவிடும். சிறு குமிழிகளும் அந்தக் கடைசி இழுப்பில் பெரும்பாலும் உடைந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், வெயில் காலத்தில் நிறுத்தினாலும் சில நிமிடங்களில் வார்னிஷ் இழுக்கத் தொடங்கிவிடும் என்பதால் ஐந்தடிப் படத்துக்கு ஒருவர் ஊற்ற ஒருவர் உருட்ட என்று இரண்டு பேர் இருப்பது பெரிய உதவி. விட்டுப்போன இடம் கண்ணில் பட்டாலும் காயத் தொடங்கிய பின் ரோலரைத் திரும்ப வைக்காதீர்கள். பாதி வெந்த தோசையை மறுபடி கரண்டியால் இழுத்த மாதிரி பிய்ந்துதான் வரும். அடுத்த கோட்டில் அது சரியாகும்.

மேட் வார்னிஷ் விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேட் தன்மைக்காக அதில் சேர்ப்பது பெரும்பாலும் சிலிகாத் துகள். அதையே இரண்டு மூன்று கோட் அடுக்கினால் கறுப்பும் அடர் நீலமும் சாம்பல் பூத்துப் போகும். முதல் கோட்களை கிளாஸ் (gloss) எனப்படும் பளபளப்பான வார்னிஷில் போட்டு, கடைசிக் கோட்டை மட்டும் மேட்டிலோ, அரைப் பளபளப்பான சாட்டினிலோ முடித்தால் நிறத்தின் ஆழம் அப்படியே நிற்கும்.

பிரஷ் தடம் தெரிய வேண்டும், கையால் வரைந்த மாதிரி இருக்க வேண்டும் என்று விரும்பினால் மட்டுமே பிரஷ். பெரிய பரப்பில் சீராகப் பூச அது ஒத்துவராது.

மாதாமாதம் விற்பனைக்குப் பிரிண்ட் செய்கிறீர்கள், எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றால் ஸ்பிரே கன்னுக்குப் போங்கள். அதிலும் எச்விஎல்பி வகை, அதாவது நிறையக் காற்று குறைந்த அழுத்தத்தில் வரும் கன். அதன் முனையில் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாது, அதனால் வார்னிஷ் சுவருக்குப் போகாமல் படத்தில் அதிகம் உட்காரும். நீர் வார்னிஷுக்கு 1.3 முதல் 1.5 மில்லிமீட்டர் முனை பொருந்தும். படத்திலிருந்து ஆறு முதல் எட்டு அங்குலத் தூரத்தில், கையை வில்லாக வளைக்காமல் நேர்க்கோட்டில் நகர்த்துங்கள். படத்துக்கு வெளியே விசையை அழுத்தத் தொடங்கி, மறுபுறம் வெளியே போன பிறகு விடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். முதல் கோட் பனித்துளி போல லேசாக, அடுத்த கோட் அதற்குச் செங்குத்தான திசையில்.

கம்ப்ரஸரில் ஓட்டினால் காற்றுக் குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி கண்டிப்பாக வேண்டும், தொட்டியில் சேரும் தண்ணீரையும் அடிக்கடி திறந்துவிட வேண்டும். ஈரமும் எண்ணெயும் காற்றோடு வந்தால் படத்தில் மீன் கண் போலக் குழிகள் விழும். பலர் தெருமுனையில் மரச்சாமான் பாலிஷ் போடுபவரிடம் கேன்வாஸைக் கொடுக்கிறார்கள். அவருக்கு உங்களைவிட நன்றாகக் கன் பிடிக்கத் தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வார்னிஷை நீங்கள் வாங்கிக் கொடுங்கள், கன்னையும் சுத்தமாகக் கழுவச் சொல்லுங்கள். அவர் கையில் இருக்கும் என்சி லேக்கரும் மெலமைனும் மரத்துக்கானவை. லேக்கர் நாளடைவில் மஞ்சளிக்கும், இரண்டும் வளையும் கேன்வாஸில் வெடிக்கும்.

ஃப்ளெக்ஸ் கடைகளில் போடும் பிளாஸ்டிக் லேமினேஷன் விளம்பரப் பலகைக்குப் போதும். ஒட்டிய பசையைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் கலைப்படத்துக்கு நான் ஏற்க மாட்டேன்.

எந்த முறையானாலும் பருவத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரைப்பான் ஸ்பிரே அடித்தால், அது ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் 10 டிகிரிக்கு அருகே வந்துவிட்டால் நீர் அக்ரிலிக் வார்னிஷ் சரியான படலமாகவே சேராது. கரைப்பான் வகை எதுவானாலும் அடுப்பும் பூஜை விளக்கும் எரியாத இடத்தில், ஜன்னல் திறந்து, ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டி உள்ள மாஸ்க் போட்டு அடியுங்கள். சாதாரணத் துணி மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் பூசினாலும் நிறம் மங்குவது தாமதமாகும், நிற்காது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மையை வெளுக்கும், ஆகவே நேர் வெயில் விழும் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். கடைசிக் கோட் முடிந்து ஒரு நாள் கழித்துச் சட்டத்தில் கட்டலாம். அதுவரை படங்களை முகத்தோடு முகம் அடுக்காதீர்கள், ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது மையும் சேர்ந்து வரும். சுருட்டி அனுப்ப வேண்டுமென்றால் இன்னும் சில நாள் பொறுத்து, படம் வெளிப்பக்கம் இருக்கும்படி அகலமான குழாயில், இடையில் சிலிகான் தடவிய வழுக்குத் தாள் வைத்துச் சுருட்டுங்கள்.