பெங்களூரில் முதல் டிசம்பர்: மரம், தாத்தா, குடில் எல்லாம் எங்கிருந்து வந்தன?

டிசம்பர் பிறந்ததும் அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் கிறிஸ்துமஸ் மரத்துக்கு வசூல் ஆரம்பமாகிவிடும். பிள்ளைக்குச் சிவப்புச் சட்டை போட்டு அனுப்பச் சொல்லிப் பள்ளியிலிருந்து குறிப்பு வரும். ஆபீசில் சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாகப் பரிசு வாங்கச் சொல்வார்கள். ஊரில் இதையெல்லாம் தூரத்திலிருந்தே பார்த்தவர்களுக்கு, 'நாமும் சேரலாமா, தப்பாகிவிடுமா' என்ற தயக்கம் வரும். புதிதாக வந்து கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: எது கோயில் சங்கதி, எது ஊர் சங்கதி என்று பிரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் ஊர் சங்கதிதான்.

மரம் பைபிளில் கிடையாது. ஜெர்மன் பேசும் பகுதிகளில் 16ஆம் நூற்றாண்டு வாக்கில் பரவிய வழக்கம் அது. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தார் வீட்டுக்குள் மரம் வைத்துக் காகித ரோஜா, ஆப்பிள், இனிப்பு எல்லாம் தொங்கவிட்டதாக 1605ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று இருக்கிறது. ஆப்பிள் ஏன்? டிசம்பர் 24 அங்கே ஆதாம் ஏவாள் நாள். அன்றைய நாடகத்தில் ஆப்பிள் தொங்கும் மரம் மேடையில் நிற்கும். கிளப் ஹவுஸ் மரத்தில் மினுங்கும் சிவப்பு உருண்டை அந்த ஆப்பிளின் வாரிசு என்பார்கள். விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பரவியது. வெள்ளைக்காரப் பட்டாளம் குடியிருந்த இந்த ஊருக்கு அது வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

இங்கே நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் கேட்டால் பெரும்பாலும் அரோகேரியா தொட்டியைத்தான் தூக்கித் தருவார்கள். ஜெர்மன் மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது பசிபிக் தீவுப் பக்கத்து இனம். லால்பாக் பூங்காவில் இதன் சொந்தக்காரர்கள் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கிறார்கள். பக்கத்திலேயே சிவப்பாக இருக்கும் பாயின்செட்டியா மெக்சிகோக்காரி. சிவந்திருப்பது பூ அல்ல, இலை. நடுவில் மஞ்சளாகக் குட்டிக் குட்டியாக இருப்பதுதான் பூ. இரவு நீளும்போது சிவக்கிற செடி, அதனால்தான் டிசம்பரில் சொல்லிவைத்த மாதிரி நிற்கிறது.

தாத்தா கதை பலருக்கும் தெரிந்ததுதான். இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா நகரில் 4ஆம் நூற்றாண்டில் ஆயராக (பிஷப்பாக) இருந்த புனித நிக்கோலஸ், டச்சுக்காரர்கள் வழியாக நியூயார்க் போய், அங்கே தொப்பையும் சிரிப்புமாக மாறினார். 'அவருக்குச் சிவப்பு உடை போட்டதே கோகோ கோலா கம்பெனிதான்' என்று ஆபீசில் யாராவது அடித்துச் சொல்வார். நம்பாதீர்கள். அந்த விளம்பரப் படங்கள் 1931இல் தொடங்கியவை. தாத்தா அதற்கு முன்பே சிவப்பில் வலம் வந்தவர்.

குடில் மட்டும் வேறு வகை. 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில், அசிசி புனித பிரான்சிஸ் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் வைத்து இயேசுவின் பிறப்புக் காட்சியை அமைத்தார். படிப்பறிவில்லாத ஜனங்களும் கண்ணால் பார்க்கட்டும் என்ற எண்ணம். வேடிக்கை என்னவென்றால், பைபிளில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்திகளின் பிறப்புக் கதையில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. அவை பழைய ஏற்பாட்டின் ஏசாயா புத்தகத்து வரி ஒன்றிலிருந்து வந்து சேர்ந்துகொண்டவை. குழந்தையைப் பார்க்க வந்த ஞானிகள் மூன்று பேர் என்றும் எழுதியில்லை, காணிக்கைதான் மூன்று. லூக்கா சொல்லும் இடையர்களையும் மத்தேயு சொல்லும் ஞானிகளையும் ஒரே கூரையின் கீழ் நிறுத்தியது குடில்தான். நம் கொலுவைப் போல, வீட்டுக்கு வீடு பொம்மையும் கற்பனையும் மாறும். சில வீடுகளில் தட்டில் கேழ்வரகு முளைக்கப்போட்டு, விரல் உயரம் வளர்ந்ததும் புல்வெளியாக வைப்பார்கள்.

24ஆம் தேதி இரவு வரை குழந்தை இடம் காலியாகவே இருக்கும். பொம்மை காணாமல் போய்விட்டது என்று செக்யூரிட்டியிடம் ஓடாதீர்கள், நள்ளிரவில்தான் வைப்பார்கள். குடிலைத் தொடாமல் பார்ப்பது மரியாதை.

பூசை பார்க்க ஆசைப்பட்டால் சிவாஜிநகர் செயின்ட் மேரிஸ் பசிலிக்காவில் தமிழிலும் உண்டு. யாரும் போய் உட்காரலாம். ஆனால் எல்லோரும் வரிசையில் நின்று அப்பம் வாங்கும்போது எழுந்து போகாதீர்கள். அது நற்கருணை, கத்தோலிக்கர்களுக்கு மட்டும். பிரசாதம் என்று நினைத்துக் கை நீட்டிச் சங்கடப்படுபவர்கள் வருடா வருடம் உண்டு. எந்த மொழியில் பூசை என்பது இந்த ஊரில் பழைய சண்டை, அந்தப் பேச்சில் தலையிடாமல் இருப்பது நல்லது.

தேதிக்கும் பைபிளில் ஆதாரம் கிடையாது. ரோமில் 336ஆம் ஆண்டு வாக்கில் டிசம்பர் 25 என்று குறித்துக் கொண்டாடியதுதான் நமக்குக் கிடைக்கும் பழைய பதிவு.

பக்கத்து வீட்டிலிருந்து தட்டு வரும்: ரோஸ் குக்கி (நம் அச்சு முறுக்கேதான்), சீப்பிலோ முள்கரண்டியிலோ உருட்டிய கல்கல், பிளம் கேக். மங்களூர்க்காரர்கள் இந்தத் தட்டுப் பலகாரங்களுக்கு குஸ்வார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டில் செய்த கேக்கில் முட்டையும், ரம்மில் ஊறிய பழமும் இருக்கக்கூடும். கூச்சப்படாமல் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வேண்டாம் என்றால் ஐயங்கார் பேக்கரியில் முட்டையில்லாத பிளம் கேக் கிடைக்கும். வாங்கிய தட்டை வெறுமனே திருப்பித் தராதீர்கள். ஒரு கை முறுக்கு போதும். கன்னடக்காரர்களிடம் 'கிறிஸ்மஸ் ஹப்பத ஷுபாஷயகளு' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

ஸ்டாரையும் குடிலையும் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் (அந்த ஞானிகள்தான்) திருநாள் வரை வைத்திருப்பார்கள். அசோசியேஷன் அதற்கு முன்பே எடுக்கச் சொன்னால் இந்தக் காரணத்தைச் சொல்லலாம். அரோகேரியா தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிச்சம் வரும் பால்கனியில் வைத்து, மண் காய்ந்தபின் தண்ணீர் ஊற்றினால் அடுத்த டிசம்பருக்கும் ஆகும்.