அரசின் மீது ரிட் மனு: வழக்குச் செலவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றத்தில் அரசின் மீது ரிட் மனு (அரசுக்கு ஆணையிடும்படி கோரும் மனு) தாக்கல் செய்யும் இளம் வழக்கறிஞர்கள், முன்தீர்ப்புகளை அக்கறையோடு திரட்டி வருகிறார்கள். ஆனால் செலவுத்தொகை, அதாவது வழக்கு நடத்த ஆன பணத்தை எதிர்த்தரப்பிடமிருந்து பெறுவது, என்ற பேச்சு எழுந்ததும் வாயடைத்துப் போகிறார்கள். பிரமாணப் பத்திரத்தில் உள்ள சிறு பிழைகளை, மனுக்களைச் சரிபார்க்கும் நீதிமன்றப் பதிவகமே திருப்பி அனுப்பித் திருத்த வைத்துவிடும் என்பதால், பதிவகத்தின் கண்ணில் படாமல் கட்சிக்காரரின் பணத்தைக் கரைக்கும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வென்றால் செலவு தானாக வரும் என்று நம்புவது

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவுப்படி, தோற்றவர் செலவைத் தருவதே பொதுவிதி. வேண்டாமென்றால் நீதிமன்றம் அதற்கான காரணத்தை எழுத வேண்டும். அது சிவில் வழக்குக்கு உரிய பாதுகாப்பு. அதே சட்டத்தின் 141-ஆம் பிரிவில் 1976-இல் சேர்க்கப்பட்ட விளக்கம், உயர் நீதிமன்ற ரிட் மனுக்களுக்கு வழிசெய்யும் அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின் கீழ் வரும் நடவடிக்கைகளை வெளியே நிறுத்திவிட்டது. ஆகவே ரிட் மனுவில் செலவு என்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை. கேட்காதவருக்குத் தீர்ப்பின் கடைசி வரியில் ‘செலவுத்தொகை இல்லை’ என்றே வரும். வென்ற பிறகும் வழக்கறிஞர் கட்டணம் கட்சிக்காரர் தலையிலேயே இருக்கும்.

அரசு கடைசி நேரத்தில் பணியும்போது பேசாமல் இருப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு ஆற்றாமையைத் தரும் தவறு இதுதான். முன்னறிவிப்பு ஏதுமின்றி ஓய்வூதியம் நிறுத்தப்பட்ட ஒரு முதியவரின் வழக்கை நீதிமன்ற அறையில் அமர்ந்து கவனித்தேன். துறையிடம் விவரம் கேட்டுச் சொல்வதாக அரசு வழக்கறிஞர் வாய்தா மேல் வாய்தா வாங்கியிருந்தார். இறுதி விசாரணை நாளின் காலையில், ஓய்வூதியத்தை மீண்டும் வழங்கும் ஆணையின் நகலை நீட்டினார். “இனி மனுவில் என்ன இருக்கிறது?” என்று நீதிபதி கேட்டதற்கு, மனுதாரரின் இளம் வழக்கறிஞர் மகிழ்ச்சியோடு “ஒன்றுமில்லை, மை லார்ட்” என்றார். கோரிக்கை நிறைவேறியதால் மனு முடித்துவைக்கப்படுகிறது, செலவுத்தொகை இல்லை என்று இரண்டே வரியில் உத்தரவு ஆனது. வராந்தாவில் அந்தப் பெரியவர், “ஐயா, நான் கடன் வாங்கிக் கட்டின பணம்?” என்று கேட்டபோது அந்த இளைஞரிடம் பதில் இல்லை.

அந்த ஒரு சொல்லால் மூன்று இழப்புகள் நேர்ந்தன. ஆணை பிறந்ததே வழக்கு தொடுத்ததால்தான் என்பது பதிவாகவில்லை, நிலுவைக்கு வட்டி கேட்கும் வாய்ப்பு நழுவியது, செலவும் போயிற்று. துறைக்கோ, கடைசி நாள் வரை இழுத்தடித்தாலும் காசு செலவில்லை என்ற பாடம் கிடைத்தது. அடுத்த ஓய்வூதியரையும் அது இப்படித்தான் அலைக்கழிக்கும் என்பதால், இதை ஒரு கட்சிக்காரரின் நஷ்டமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. மனுவின் வேண்டுகோள் பகுதியிலேயே செலவைக் கோருங்கள். முதலில் துறைக்கு அனுப்பிய கோரிக்கை மனுவையும் அதன் ஒப்புகை அட்டையையும் தட்டச்சுத் தொகுப்பில் (மனுவோடு தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்பில்) சேருங்கள். கேட்காமலேயே நீதிமன்றத்துக்கு வந்தவர் என்று அரசுத் தரப்பு சொல்ல முடியாமல் போகும். கோரிக்கை அனுப்பிய நாள், மனு தாக்கலான நாள், வாய்தாக்கள், நீதிமன்றக் கட்டணம், வழக்கறிஞர் கட்டண ரசீது ஆகியவற்றை ஒரே பக்க மெமோவாக எழுதிக் கையில் வைத்திருங்கள். அரசு ஆணையை நீட்டும்போது, “மனு தாக்கலான பிறகே இந்த ஆணை பிறப்பிக்கப்பட்டது என்பதைப் பதிவுசெய்து, வட்டியையும் செலவையும் பரிசீலிக்க வேண்டும்” என்று கூறி மெமோவைக் கொடுங்கள். நீதிபதி மறுக்கலாம், மறுத்தாலும், கேட்டது பதிவில் இருக்கும். உத்தரவில் கையெழுத்தான பிறகு மறுபடி திறக்க முயல்வது பெரும்பாடு.

செலவையும் இழப்பீட்டையும் ஒன்றாக எண்ணுவது

1993-இல் நீலபதி பெஹரா வழக்கில், காவலில் இறந்த மகனுக்காக அவருடைய தாய்க்கு 1,50,000 ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் ஒடிசா அரசுக்கு உத்தரவிட்டது. செலவாக விதித்த 10,000 ரூபாய் தனி. அது உச்ச நீதிமன்றச் சட்ட உதவிக் குழுவுக்குப் போயிற்று. உரிமை மீறலுக்கு ஈடு ஒன்று, வழக்கு நடத்தியதற்கான ஈடு வேறொன்று. இரண்டையும் தனித்தனியே கோர வேண்டும்.

சட்ட உதவியைக் கேட்காமல் கடன் வாங்கவைப்பது

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் காவலில் இருப்போருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவிக்குத் தகுதி தருகிறது. கட்சிக்காரரிடம் இதைச் சொல்லாமல் கட்டணம் பேசுவது முறையல்ல.

சொந்தக் குறையைப் பொதுநல வழக்காக்குவது

செய்யாதீர்கள், செலவு உங்கள் கட்சிக்காரர் மீதே விதிக்கப்படலாம்.

அதிகாரியைக் கட்சியாகச் சேர்க்காமல் அவரிடம் செலவு கேட்பது

அரசு கட்டும் செலவு பொதுக் கருவூலப் பணம். தவறிழைத்த அதிகாரியின் சம்பளத்திலிருந்து அது பிடிக்கப்பட வேண்டுமானால், அவரைப் பெயரோடு எதிர்மனுதாரராகச் சேர்த்து, அவர் செய்ததைத் தேதியோடு குற்றம்சாட்டி, பதில் சொல்ல வாய்ப்பும் அளித்திருக்க வேண்டும்.