‘நோ’ சொல்ல வேண்டிய இடத்தில் ‘யெஸ்’: நம் ஆங்கிலத்தில் எட்டிப்பார்க்கும் தமிழ்

என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்த ஒரு பெண், போன் இன்டர்வியூவில் நடந்ததைச் சொன்னார். “டோன்ட் யூ ஹேவ் எ லேப்டாப்?” என்று கேட்டிருக்கிறார்கள். அவரிடம் லேப்டாப் கிடையாது. “யெஸ்” என்றிருக்கிறார். இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, அடுத்த நாளே வீட்டிலிருந்து எழுத வேண்டிய தேர்வுக்கு லிங்க் அனுப்பிவிட்டார்கள். தேர்வு எழுத முடியாமல் போனது. கிராமர் புத்தகம் முழுக்கப் படித்திருந்த பெண் அவர். எனக்கு அது ரொம்பவே வருத்தமாக இருந்தது.

தமிழ்ப்படி அவர் பதிலில் தப்பே இல்லை. “லேப்டாப் இல்லையா?” என்றால் “ஆமா, இல்லை” என்போம். கேட்டவர் நினைத்தது சரி என்று ஒப்புக்கொள்கிற ‘ஆமா’ அது. ஆங்கிலத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. கேள்வி எப்படி வந்தாலும், இருந்தால் யெஸ், இல்லாவிட்டால் நோ. “ஹேவன்ட் யூ ஈட்டன்?” என்று கேட்டால், சாப்பிட்டவர் “யெஸ், ஐ ஹேவ்” என்பார், சாப்பிடாதவர் “நோ, ஐ ஹேவன்ட்” என்பார். பேச்சு வேகத்தில் குழம்பினால் யெஸ், நோ இரண்டையும் விட்டுவிட்டு “ஐ டோன்ட் ஹேவ் ஒன்” என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள்.

நம்மவர்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். விதி தெரியாததால் வருவதில்லை. தமிழ் வாக்கியம் அடியில் ஓடிக்கொண்டே இருப்பதால் வருகின்றன.

‘குடிப்பேன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். “நாளைக்குக் குடிப்பேன்”, “தினமும் காலையில் காபி குடிப்பேன்”, “சின்ன வயசில் பதநீர் குடிப்பேன்”. நாளைய விஷயம், இன்றைய பழக்கம், பழைய பழக்கம் மூன்றுக்கும் நமக்கு ஒரே வினை போதும். அதனால்தான் பலரும் “ஐ வில் டிரிங்க் காபி எவ்ரி மார்னிங்” என்கிறார்கள். இன்றைய பழக்கத்துக்கு வெறும் “ஐ டிரிங்க்” போதும். நாளைக்குத்தான் வில். விட்டுப்போன பழக்கத்துக்கு “யூஸ்ட் டு”. இதில் கவனம் வேண்டும். “ஐ யூஸ்ட் டு கோ டு தி ஜிம்” என்றால் இப்போது போவதில்லை என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்வார். தினமும் போகிறவர் அப்படிச் சொல்லக் கூடாது.

“அஞ்சு வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன்” என்பது “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்” ஆகிவிடுகிறது. ‘பார்க்கிறேன்’ நிகழ்காலம் என்பதால் ‘ஆம்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. நேற்றிலிருந்து இன்றுவரை நீளும் வேலைக்கு “ஹேவ் பீன் வொர்க்கிங்” வேண்டும். எவ்வளவு காலம் என்றால் ஃபார், எப்போதிலிருந்து என்றால் சின்ஸ்: ஃபார் ஃபைவ் இயர்ஸ், சின்ஸ் 2019.

அதே மாதிரி, “போன வருஷம் பார்த்திருக்கிறேன்” என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் இயர்’ என்று காலத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ் சீன்’ நிற்காது. “ஐ சா இட் லாஸ்ட் இயர்”, அவ்வளவுதான்.

‘டிஸ்கஸ் அபவுட்’ நம் ‘பற்றி’ செய்கிற வேலை. டிஸ்கஸ் என்ற வினைக்குள்ளேயே ‘பற்றி’ இருக்கிறது, “வீ டிஸ்கஸ்ட் தி ப்ராப்ளம்” போதும். ஆனால் ‘டாக்’ என்றால் அபவுட் வேண்டும். ‘டிஸ்கஷன்’ என்று பெயர்ச்சொல் ஆகிவிட்டாலும் அபவுட் வரலாம்.

அப்புறம் எ, ஆன். தமிழில் ‘ஒரு’, ‘ஓர்’ போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் எல்லோரும் பயப்படுகிற இடம் இது. ஆனால் இதற்கு நம் எழுத்தே கைகொடுக்கும். அந்தச் சொல்லை, காதில் விழுகிறபடி தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தா? ஆன் போடுங்கள். உயிர்மெய்யா, புள்ளி வைத்த மெய்யா? எ போடுங்கள். ‘அவர்’ என்று மணியைச் சொல்கிறோமே, அது அ-வில் தொடங்குகிறது, ஆகவே ஆன் அவர். யுனிவர்சிட்டி ‘யு’வில் தொடங்குகிறது, ஆகவே எ யுனிவர்சிட்டி. ஆன் எம்எல்ஏ, எ யூரோப்பியன், ஆன் எக்ஸ்ரே. ஆங்கில ஸ்பெல்லிங்கைப் பார்த்து ஏமாறுகிற ஆபத்தே இதில் இல்லை. ஓர் எச்சரிக்கை: ஒன், ஒயர், ஒய்ஃப் என்று நாம் ஒகரத்தில் எழுதுகிறோம், ஆங்கிலக்காரர் வாயில் அவை வன், வயர், வைஃப். அதனால் ‘எ ஒன்-ரூபி காயின்’தான் சரி. ‘இயர்’ என்று நாம் எழுதுகிற வருஷமும் அவர்கள் வாயில் ய-வில்தான் தொடங்குகிறது, ஆகவே எ இயர். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகம் மலர்வதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் சந்தோஷம்.

சில விஷயங்களுக்கு வீணாகப் பயப்படவும் வேண்டாம். வாக்கியத்தை ப்ரெபொசிஷனில் (ஃபார், டு, அபவுட் போன்ற சொற்களில்) முடிக்கக் கூடாது என்று பள்ளியில் அடித்துச் சொல்லியிருப்பார்கள். 1672-இல் கவிஞர் ஜான் டிரைடன், நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் அதைக் குறையாகச் சொன்னார். பிற்காலப் பாடப்புத்தகங்கள் அதையே விதியாக்கிவிட்டன. “வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்?” என்று தயங்காமல் கேளுங்கள். லண்டனிலும் அப்படித்தான் கேட்கிறார்கள்.